அஞ்சலை ஏன் ஜெயிக்கவில்லை?

அன்புள்ள அக்கா,

எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். கணவரின் வேலைக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தோம். என் மகளுக்கு 11 வயது. அவள் பள்ளியில் தமிழ் கிடையாது. அதனால் ராத்திரியில் நான் வாசிப்பேன், அவள் கூடவே விரல் வைத்து எழுத்துக்கூட்டி வருவாள். அப்படித்தான் இளையோருக்காக நீங்கள் எழுதிய நாவலை முடித்தோம். 1906இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் கரும்புத் தோட்டத்தில் வளரும் அஞ்சலைக்கு 13 வயது ஆனதும் அவள் தலைக்கும் மூன்று பவுன் வரி விழும் என்று தெரிகிற இடத்திலிருந்து மகள் புத்தகத்தைக் கீழே வைக்கவே விடவில்லை.

ஆனால் முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. வரி கட்ட வழியில்லாமல் அஞ்சலையின் அப்பா மறுபடியும் தோட்ட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கிறார். அஞ்சலை பக்கத்தில் நின்று பார்க்கிறாள். "இவ்வளவுதானா?" என்று கேட்டு அழுதுவிட்டாள். காந்தி பக்கத்தில், டர்பனை ஒட்டி அவர் அமைத்த ஃபீனிக்ஸ் குடியிருப்பில்தானே இருந்தார், அவரிடம் அஞ்சலை ஓடிப் போயிருக்கலாமே என்பது அவள் கேள்வி. என் கேள்வியும் கிட்டத்தட்ட அதுதான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுக்கிற கதை வேண்டாமா? தில்லையாடி வள்ளியம்மை மாதிரி ஒரு பெண் இதே மண்ணில் இருந்திருக்கிறார். அஞ்சலையையும் அப்படி ஆக்கியிருக்கலாமே?

அப்புறம் இன்னொன்று. "அஞ்சலை நிஜமா இருந்தாளா அம்மா?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் மழுப்பிவிட்டேன்.

அன்புடன்,
ச.,
ஜோகன்னஸ்பர்க்

அன்புள்ள ச.,

உங்கள் மகள் அழுதாள் என்று படித்தபோது கஷ்டமாக இருந்தது. ஆனால் அவள் கோபம் நியாயமானது. அதைச் சமாதானப்படுத்தி அடக்கிவிடாதீர்கள். அவள் யார்மேல் கோபப்பட வேண்டும் என்பதை மட்டும் கொஞ்சம் பேசிப் பார்க்கலாம்.

முதலில் காந்தியிடம் ஓடுவது. 1906இல் அவர் குடும்பம் ஃபீனிக்ஸுக்கு வந்துவிட்டாலும் அவருடைய வேலை பெரும்பாலும் உங்கள் ஊரில், ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தது. அந்த வருஷம் அவர் எதிர்த்து நின்றது, ஜோகன்னஸ்பர்க் இருந்த ட்ரான்ஸ்வால் பகுதியில் இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்ற சட்டத்தை. செப்டம்பர் 11 அன்று எம்பயர் தியேட்டரில் கூடிச் சத்தியம் செய்தது அதற்காகத்தான். மூன்று பவுன் வரியை, காந்தி தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ் ஆரம்பத்திலிருந்தே கண்டித்து வந்தது உண்மை. ஆனால் அது சத்தியாகிரகத்தின் கோரிக்கையாக ஆனது 1913இல். அஞ்சலை தோட்டத்திலிருந்து ஓடி, எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தாலும், அந்த வருஷம் அவளுக்காக எழும்ப ஒரு போராட்டம் இருக்கவில்லை.

காந்தியே நேரில் கிடைத்த ஒருவருக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி டர்பனில் அவர் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி அடித்ததில் முன்பற்கள் உடைந்து வாயில் ரத்தம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். லண்டனில் படித்த பாரிஸ்டர் அவரை டாக்டரிடம் கூட்டிப்போய்ச் சான்று வாங்கினார், மாஜிஸ்ட்ரேட்டிடம் கொண்டுபோய் நிறுத்தினார். கடைசியில் கிடைத்த நியாயம் என்ன தெரியுமா? பாலசுந்தரத்தின் ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது. விடுதலை கிடைக்கவில்லை. அன்றைய சட்டத்துக்குள் ஒரு நல்ல வக்கீல் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வெற்றியை 12 வயதுப் பெண்ணின் கையில் நான் எப்படிக் கொடுப்பேன்?

கொடுக்கலாம், கதைதானே என்று பலர் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கான சரித்திரக் கதைகளில் இது அடிக்கடி நடக்கிறது. கெட்டிக்காரச் சிறுமி ஒருத்தி அதிகாரியை ஏமாற்றுவாள், தலைவருக்குக் கடிதம் கொண்டுபோவாள், கடைசியில் எல்லாருக்கும் விடிவு வரும். வாசிக்கும்போது இனிக்கும். ஆனால் உங்கள் மகளின் வகுப்பில் இங்கேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களில் பலருடைய கொள்ளுப்பாட்டனுக்குப் பாட்டன் இப்படிக் கைநாட்டு வைத்தவர். 1860இலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். கொஞ்சம் புத்தியும் கொஞ்சம் துணிச்சலும் இருந்தால் தப்பித்திருக்கலாம் என்று என் நாவல் சொன்னால், தப்பிக்காத அத்தனை பேரும் புத்தியும் துணிச்சலும் இல்லாதவர்கள் என்று ஆகிவிடும். கதையில் ஒருத்தியை ஜெயிக்கவைக்க அவர்களையெல்லாம் கோழைகள் ஆக்க எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் கோழைகள் இல்லை. அவர்கள் மாட்டிக்கொண்ட கணக்கு அப்படிப்பட்டது.

அந்தக் கணக்கை மகளோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். தோட்டத்தில் முதல் வருஷம் ஆண் தொழிலாளிக்கு மாதம் 10 ஷில்லிங். வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடி, ஐந்தாவது வருஷம் 14. ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். அப்படியானால் மூன்று பவுன் என்பது முதல் வருஷச் சம்பளத்தில் ஆறு மாதம். ஒப்பந்தம் முடிந்தபின் ஊருக்கும் திரும்பாமல், மறுபடி ஒப்பந்தத்திலும் சேராமல், சுயமாகப் பிழைக்க நினைத்தவர்கள் வருஷா வருஷம் கட்ட வேண்டிய வரி இது. 1895இல் சட்டம் வந்தது. நேட்டால் அரசு முதலில் கேட்டது 25 பவுன்! இந்திய அரசு பேசி மூன்றாகக் குறைத்தது. 1903இல் அதைப் பிள்ளைகள் மேலும் போட்டார்கள். ஆண்பிள்ளைக்கு 16 வயதிலிருந்து, பெண்பிள்ளைக்கு 13இலிருந்து. அஞ்சலை வீட்டில் அப்பா, அம்மா, அவள் என்று மூன்று தலை, ஒன்பது பவுன். ஒப்பந்தம் முடிந்து காய்கறி விற்றுப் பிழைக்கிற குடும்பம் இதை எங்கே போய்ப் புரட்டும்? மறுபடி ஒப்பந்தத்துக்குள் போய்விட்டால் வரி இல்லை. இந்தச் சட்டத்தைப் போட்டவர்கள் எதிர்பார்த்தது அதைத்தான், அஞ்சலையின் அப்பா அதைச் செய்கிறார். பெண்பிள்ளைக்கு மட்டும் ஏன் மூன்று வருஷம் முன்னாலேயே வரி என்று உங்கள் மகள் கேட்டால், அந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது என்று அர்த்தம்.

இன்னொரு விஷயம். அஞ்சலை ஒன்றுமே செய்யவில்லை என்று நான் நினைக்கவில்லை. வயது பற்றிய அத்தியாயத்தை மகளோடு இன்னொரு தடவை வாசியுங்கள். தொழிலாளிகளை ஏற்றிவந்த கப்பல்களின் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, ஊர், உடம்பில் இருக்கிற தழும்பு மச்சம் வரைக்கும் எழுதியிருப்பார்கள். பிறந்த தேதியை எழுதி வைக்கிற வழக்கம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வயது எப்படி வரும்? அஞ்சலையின் அம்மாவுக்குத் தெரிந்தது, ஐப்பசி அடைமழையில் ஏரி உடைந்த வருஷம் பிறந்தவள் என்பது. கப்பல் ஏறுமுன் ஆட்களைத் தங்கவைக்கும் மதராஸ் டிப்போவில் குமாஸ்தா குழந்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரு எண்ணை எழுதுகிறார். அந்த எண்ணின்படி அவளுக்கு 13 ஆகிவிட்டது, அம்மாவின் கணக்குப்படி இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அஞ்சலை மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளரிடம் போய், "அந்த வயசை யார் சொன்னாங்கன்னு கேளுங்க ஐயா" என்கிறாள். அதிகாரி அவள் உயரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கிறார்.

ஒரு வருஷம். மூன்று பவுன். அந்தக் குடும்பத்துக்கு அது அரை வருஷ உழைப்பு. பெரியவர்கள் யாரும் கேட்கத் துணியாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டதால் வந்தது. அவளால் செய்ய முடிந்ததை அவள் முழுதாகச் செய்தாள். அது போதாமல் போனது அவள் குற்றம் இல்லை.

இப்படி ஒரு வழக்கு நடந்ததாக எந்தப் பதிவிலும் நான் படித்ததில்லை. நடந்திருக்க முடியாது என்று சொல்கிற எதையும் கூடப் படித்ததில்லை. என் கற்பனைக்கு நான் விட்டிருக்கிற இடம் இவ்வளவுதான். சட்டம், கூலி, வருஷம், தூரம் இதிலெல்லாம் கை வைக்க மாட்டேன். பதிவு வாய் மூடிக்கொள்கிற இடத்தில் மட்டும் என் ஆட்களைப் பேச விடுவேன்.

வள்ளியம்மைக்கும் இதே கவனம்தான், இன்னும் கூடுதலாக. அவர் உண்மையில் வாழ்ந்த பெண். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். கிறிஸ்தவ முறையில் நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913 மார்ச்சில் கேப் மாகாண நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. நம் தாய்மார்கள் ஒரே நாளில் சட்டப்படி மனைவியாக இல்லாமல் போனார்கள். அந்த வருஷம் ட்ரான்ஸ்வாலில் இருந்து, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், எல்லை தாண்டி நேட்டாலின் நியூகாஸில் என்ற ஊருக்குப் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசி வேலைநிறுத்தம் தொடங்கக் காரணமானார்கள். போராட்டத்தில் இறங்கிய வள்ளியம்மைக்கும் அவர் தாயாருக்கும் சிறை கிடைத்தது. மாரிட்ஸ்பர்க் சிறையில் வந்த காய்ச்சல் அவரை விடவில்லை. 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில், இறந்தார். சிறைக்குப் போனதற்கு வருத்தமா என்று காந்தி கேட்டபோது, மறுபடி கைதுசெய்தால் இப்போதே போகத் தயார் என்று அவர் சொன்னதைக் காந்தி எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வார்த்தைகள் போதும். அவர் வாயில் வேறு வசனம் வைக்க எனக்கு உரிமை இல்லை. சேலையைக் கிழித்துக் கொடியாகக் காட்டினார் என்று தமிழ்நாட்டில் சொல்கிற கதையை நான் சேர்த்துக்கொள்ளாததும் இதனால்தான். அவரோடு ஒப்பிட்டு அஞ்சலையைச் சின்னவளாக நினைக்கவும் வேண்டாம். வள்ளியம்மையின் துணிச்சல் அவருடையது. ஆனால் அவர் தனியாக நிற்கவில்லை. தாய் கூடவே சிறைக்கு வந்தார். ஜோகன்னஸ்பர்க்கின் சத்தியாகிரகத் தலைவர் தம்பி நாயுடுவின் குடும்பம் மாதிரி வருஷக்கணக்காகச் சிறைக்குப் போய்வந்த குடும்பங்கள் அவரைச் சுற்றி இருந்தன. 1906இல் அப்பா மறுபடி கைநாட்டு வைத்தபின் தோட்டத்து பாரக்ஸில், தொழிலாளிகளின் குடியிருப்பில், இருந்த அஞ்சலைக்கு அப்படி யாரும் இல்லை. முதலாளி தரும் அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போவதே அங்கே குற்றம். புகார் சொல்லப் போனவர்களையே அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போனார்கள் என்று தண்டித்திருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரையில் வரும், அந்த மண்ணின் ஆப்பிரிக்க மக்களான ஜூலு இனத்துப் பையனின் அத்தியாயங்கள் கதைக்குத் தேவையா என்று சிலர் கேட்டார்கள். ரொம்பத் தேவை. அதே 1906இல் வயதுவந்த ஜூலு ஆண்கள் மேல் தலைக்கு ஒரு பவுன் வரி விழுந்தது. அதை எதிர்த்துப் பம்பாத்தா தலைமையில் எழுந்தவர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அந்தப் பையனின் அப்பா ஏன் வீடு திரும்பவில்லை என்பது அஞ்சலைக்குப் புரியாது. வாசிக்கிற பிள்ளைக்குப் புரிய வேண்டும். நம்மவர் பட்ட பாட்டை மட்டும் சொல்லி, யாருடைய நிலத்தில் அந்தக் கரும்பு நின்றது என்று சொல்லாமல் விடுவது தென்னாப்பிரிக்காவில் வளரும் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, மகளின் கடைசிக் கேள்வி. மழுப்ப வேண்டியதே இல்லை. அஞ்சலை என்ற பெண்ணை நான் உண்டாக்கினேன், அவளைச் சுற்றி நடந்ததை நான் உண்டாக்கவில்லை என்று சொல்லுங்கள். கப்பல் பட்டியலில் அவள் வயதுப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர், ஆளுக்கு ஒரு வரிக் குறிப்பு. அந்தப் பெயர்களில் ஒன்றை எடுத்துக் கதை எழுத நான் விரும்பவில்லை. அவர்களுடைய பேரன் பேத்திகள் இங்கே இருக்கிறார்கள், அந்தக் குறிப்பு அவர்களுக்குச் சொந்தம். வகுப்புத் தோழி யாராவது தன் வீட்டாரின் கப்பல் எண்ணைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாளா என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். இங்கே பல வீடுகளில் அதைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்கள். டர்பன் பக்கம் வந்தால் 1860 ஹெரிட்டேஜ் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்கு முன்னால் உங்கள் ஊரிலேயே பிராம்ஃபோன்டைன் மயானத்தில் வள்ளியம்மைக்கும், அவரைப் போலவே போராட்டத்தில் சிறைசென்று இறந்த நாகப்பனுக்கும் நினைவுக் கற்கள் இருக்கின்றன. 1914 ஜூலையில், இந்த நாட்டை விட்டுப் போகுமுன், அவற்றின் திறப்புக்குக் காந்தி அங்கே வந்திருந்தார். மூன்று பவுன் வரி ஒழிந்ததும் அந்த வருஷம்தான்.

அடுத்த பாகம் 1913இல் நடக்கிறது. அப்போது அஞ்சலைக்கு 20 வயது. அவள் தம்பிக்கு 11, கதை அவன் கண் வழியாகப் போகும். மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவி, நவம்பரில் போலீஸ் சுட்டு ஆட்கள் செத்த நாட்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். அஞ்சலை அதில் என்ன செய்கிறாள் என்பதை உங்கள் மகள் வாசித்துத் தெரிந்துகொள்ளட்டும். அதுவரைக்கும் அவளுக்குப் பிடித்த மாதிரி முதல் பாகத்துக்கு ஒரு முடிவு எழுதச் சொல்லுங்கள். வருஷம் 1906, வரி மூன்று பவுன், கையில் சீட்டு கிடையாது. இந்த மூன்றையும் மாற்றாமல் எழுத வேண்டும். தமிழில் எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை, திருத்தாமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா