எதிர் எண்ணும் எட்டு பிட்டும்: கேள்வி பதில்

கேள்வி: −5ஐ பைனரியில் (0, 1 மட்டுமே உள்ள எண்முறையில்) எழுதுவது எப்படி?

பதில்: எட்டு பிட் (0 அல்லது 1 நிற்கும் எட்டு இடம்) என்று வைத்துக்கொள்வோம். 5 என்பது 00000101. எல்லா பிட்டையும் புரட்டினால் 11111010. அதில் ஒன்றைக் கூட்டினால் 11111011. இதுதான் 2-ன் நிரப்பி. சரிதானா என்று பார்க்க, இதோடு 5ஐக் கூட்டுங்கள். ஒன்பதாவது பிட்டுக்கு இடமில்லாமல் அது உதிர்ந்துவிடும்; மிஞ்சுவது சுழியம். கழித்தலுக்கெனத் தனி மின்சுற்று தேவைப்படாததும் இதனால்தான். ஆனால் பிட் அகலத்தைச் சொல்லாமல் எழுதாதீர்கள். பதினாறு பிட்டுக்கு மாற்றும்போது முன்னால் இடக்கோடி பிட்டையே நிரப்ப வேண்டும்; சுழியத்தை நிரப்பினால் −5 போய் 251 வந்து நிற்கும்.

கேள்வி: இடக்கோடி பிட்டை வெறும் கழித்தல் குறியாக வைத்தால் என்ன?

பதில்: ஐபிஎம் 7090 என்ற பழைய கணினி அப்படித்தான் வைத்திருந்தது. +0, −0 என்று இரண்டு சுழியம் வரும். கூட்டுவதற்கு முன் குறிகளை ஒப்பிட்டாக வேண்டும்.

கேள்வி: −128க்கு எதிர்க்குறி போட்டால்?

பதில்: எட்டு பிட்டில் அதே −128தான். மேல் எல்லை 127. ஜாவா மொழியில் 32 பிட்டின் கீழ் எல்லையான −2147483648க்குத் தனிமதிப்பு (குறி நீக்கிய மதிப்பு) கேட்டாலும் அதே எதிர் எண்தான் திரும்பி வரும்.

கேள்வி: சி மொழியில் இன்ட் (குறியுள்ள முழு எண் வகை) நிரம்பினால் சுற்றி எதிர் எண்ணுக்கு வந்துவிடும், அல்லவா?

பதில்: அதை நம்பாதீர்கள். குறியுள்ள எண் எல்லை மீறினால் என்ன நடக்கும் என்பதை சி வரையறுக்கவில்லை. குறியில்லாத எண்தான் உறுதியாகச் சுற்றும்.

மறுப்பு: சி மொழியின் புதிய தரமான சி23, 2-ன் நிரப்பியைக் கட்டாயமாக்கிவிட்டதே?

பதில்: பிட்டுகளை அடுக்கும் முறையைத்தான் கட்டாயமாக்கியது. எல்லை மீறல் இன்னும் வரையறுக்கப்படாததுதான்.

மறுப்பு: என் கணினியில் சுற்றுகிறதே!

பதில்: கம்பைலரின் (நிரலை எந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) மேம்படுத்தலை இயக்கித் தொகுத்துப் பாருங்கள். "அ + 1 < அ" என்று எல்லை மீறலைப் பிடிக்கச் சோதனை வைத்தால், அது ஒருபோதும் நடக்காது என்று கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிடலாம். கூட்டிய பிறகு சோதிக்காதீர்கள். அ-வோடு கூட்டப்போகும் ஆ நேர் எண்ணானால், கூட்டும் முன்பே "அ > பெரும மதிப்பு − ஆ" என்று பாருங்கள்.

கேள்வி: −12ஐ எப்படி எழுதுவது?

பதில்: எத்தனை பிட்டில்? எட்டு என்றால் 11110100. வழி முதல் பதிலிலேயே இருக்கிறது.

கேள்வி: −1?

பதில்: முதல் பதில்.

கேள்வி: இதனால் உண்மையில் ஏதாவது கெட்டதுண்டா?

பதில்: 1996 ஜூன் 4, ஏரியன் 5 ராக்கெட் கிளம்பிய சற்று நேரத்தில் வெடித்துச் சிதறியது. 64 பிட் மிதவைப் புள்ளி எண் (பின்னப் பகுதியும் வரக்கூடிய எண்) ஒன்றை 16 பிட் குறியுள்ள எண்ணாக மாற்றினார்கள். அது 32767ஐத் தாண்டியது. முந்தைய ராக்கெட்டான ஏரியன் 4இல் அந்த மதிப்பு எல்லைக்குள் இருந்தது. அதே மென்பொருளை, அந்த மாற்றத்துக்குக் காப்பு இல்லாமலேயே, புதிய ராக்கெட்டில் ஏற்றினார்கள்.