டெட் செல்ஸ் விளையாட்டுக்கு 'தி பேட் சீட்' டிஎல்சி வாங்கலாமா? ஏன் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள்?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: டெட் செல்ஸ் விளையாடுகிறார். முதல் பாஸான (வழியை மறிக்கும் பெரிய எதிரி) கன்சியர்ஜை அடித்துவிடுகிறார், அதற்கு அப்புறம் எங்காவது செத்துவிடுகிறார். 'தி பேட் சீட்' என்ற டிஎல்சி, அதாவது விளையாட்டுக்குத் தனியாகக் காசு கொடுத்து வாங்கும் கூடுதல் பகுதி, விலை குறைவாக இருக்கிறதே, வாங்கலாம் என்று பார்த்தால் சிலர் "கொடுத்த காசுக்கு மேலேயே இருக்கிறது" என்கிறார்கள், சிலர் "ரெண்டு இடம், ஒரு பாஸ், ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது" என்கிறார்கள். யாரை நம்புவது?

ரெண்டு பேரையும் நம்பலாம். அவரவர் அனுபவத்தில் ரெண்டுமே உண்மை. டெட் செல்ஸ் ஒரு ரோக்லைக். அந்த வகை விளையாட்டில் செத்தால் முதலில் இருந்துதான் தொடங்க வேண்டும். அதனால் ஒரு டிஎல்சி எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேட்பதில் பயனில்லை. ஒரு ரன்னில், அதாவது தொடக்கத்திலிருந்து சாகும் வரை அல்லது முடிக்கும் வரை ஆடும் ஒரு ஆட்டத்தில், எந்த இடத்தில், எத்தனை தடவை அது நம் கண்ணில் படுகிறது என்று பார்க்க வேண்டும். உங்கள் நிலையில் இருப்பவர் முதலில் வாங்க வேண்டியது பேட் சீட்தான் என்பது என் பதில்.

இதை மதுரையில் எங்கள் செட்டை வைத்தே சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி வில்லாபுரத்தில் ஒரு நண்பன் வீட்டு மாடியில் கூடுவோம். லேப்டாப்பை டிவியில் சொருகிவிட்டு ஆளுக்கு ஒரு ரன். செத்தால் கன்ட்ரோலர் அடுத்தவன் கைக்குப் போய்விடும். இதில் ரெண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவன் எங்களில் கெட்டிக்காரன், ஐந்து பாஸ் செல் என்கிற உச்சக் கடினம் வரை போனவன். இன்னொருவன் நண்பனின் தம்பி, கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு கன்சியர்ஜைத் தாண்டுவதே பெரும்பாடு.

பேட் சீட் எப்படி அமைந்திருக்கிறது தெரியுமா? சிறையில் தொடங்குகிறோம் இல்லையா, அங்கிருந்தே பாழடைந்த ஒரு தோட்டத்துக்கு வழி பிரிகிறது. கண்ணாடிக் கூரை, செடிகொடி, இதமான வெளிச்சம். சிறையின் இருட்டிலிருந்து அங்கே நுழைந்ததும் கொஞ்ச நேரம் சும்மா நிற்கத் தோன்றும். அங்கிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள் வாழும் சதுப்புநிலம். அதற்கு அப்புறம், கருப்புப் பாலத்தில் கன்சியர்ஜை சந்திப்பதற்குப் பதிலாக, சதுப்பு நீருக்குள் பதுங்கியிருக்கும் மாமா டிக் என்ற பாஸ். ரெண்டு கையும் அரிவாள்.

எல்லாமே ரன்னின் முதல் பாகத்தில் வருகிறது, கவனித்தீர்களா? தம்பி மாதிரி ஆள் சீக்கிரம் சாகிறான், திரும்பத் திரும்ப முதல் பாகத்தையே விளையாடுகிறான். வழக்கமான வழியில் வரும் அதே உலாவும் வீதியையும் அதே சாக்கடையையும் பார்த்துச் சலித்துப்போன அவனுக்கு ஒவ்வொரு ரன்னிலும் புது வழி கிடைத்தது. தோட்டத்தில் பெரிய காளான் ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் சின்னக் காளானைத் தூக்கி நம் மேல் எறியும். முதல் தடவை அதைப் பார்த்ததும், "அண்ணே, ஆளைத் தூக்கி எறியுது பாருங்கண்ணே!" என்று கத்தினான். பறந்து வரும் சின்னக் காளானைத் தாண்டி உருண்டு, பெரிய காளானின் முதுகுப் பக்கம் போய் அடிக்கக் கற்றுக்கொண்டபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எனக்கே விசில் அடிக்கத் தோன்றியது.

கெட்டிக்காரனுக்கு அந்த இடங்கள் சில நிமிடத்தில் ஓடிக் கடக்கும் பாதை. அவன் ஆட்டம் சூடு பிடிப்பதே கடைசி பாகத்தில்தான். "நல்லாத்தாண்டா இருக்கு மாப்ள, ஆனா அம்புட்டுத்தானா?" என்றான். அது நியாயமான கேள்வி. அவன் மாதிரி ஆட்கள்தான் கட்டைவிரலைக் கீழே காட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அவர்கள் வந்து சேர்ந்திருக்கும் இடத்துக்கு அந்த டிஎல்சி எட்டவில்லை, விஷயம் அவ்வளவுதான்.

திட்டுகிறவர்களில் இன்னொரு வகை, "வாங்கினேன், புது ஆயுதம் எதுவும் வரவில்லை" என்பவர்கள். டெட் செல்ஸில் டிஎல்சி வாங்கியதும் எல்லா ஆயுதமும் கையில் வந்துவிடாது. முதலில் அந்த ஆயுதத்தின் ப்ளூபிரிண்ட் (வரைபடம்) கிடைக்க வேண்டும், சாகாமல் அதை விளையாட்டில் வரும் கலெக்டர் என்ற பாத்திரத்திடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அப்புறம் எதிரிகளைக் கொன்று சேர்த்த செல்களைக் கொட்டித் திறக்க வேண்டும். வழியில் செத்தால் ப்ளூபிரிண்டும் போச்சு. இது தெரியாமல் காசு கொடுத்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். கடையில் வாங்கும் பக்கத்திலேயே ரெண்டு வரி எழுதி வைத்தால் பாதிக் கோபம் குறைந்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆனால் திறந்த பிறகு கிடைப்பவை அருமை. 'ரிதம் அன் பவுசூக்கி' என்று நரம்பு வாத்தியம் ஒன்று, அதையே ஆயுதமாக வீச வேண்டும். தாளம் தப்பாமல் அடித்தால் கிரிட்டிக்கல், அதாவது கூடுதல் பலமான அடி, விழும். எங்கள் செட்டில் கோயில் திருவிழாக்களில் நையாண்டி மேளத்துக்குத் தவில் வாசிக்கிற ஒருவன் இருக்கிறான். சாதாரணமாக மோசமாக விளையாடுவான். இதை எடுத்ததும் கால் தானாகத் தாளம் போட, ஒரு அடி பிசகாமல் அடித்துக்கொண்டே போனான். கெட்டிக்காரனுக்கு அந்த அளவுக்கு வரவில்லை. ஒரு ஆயுதம் இப்படி ஆளுக்கேற்ப மாறுவதைப் பார்த்த பிறகு, விலையைப் பற்றி எங்கள் மாடியில் யாரும் பேசவில்லை.

விலை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. 2020 பிப்ரவரியில் வந்தபோது 4.99 டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் சுமார் 350 ரூபாய். ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாய்க்குத் தனி விலை உண்டு, தள்ளுபடி நேரத்தில் இன்னும் இறங்கும். இருந்தாலும் இங்கே கல்லூரிப் பையனுக்கு அது பைக்குக்குப் போடும் பெட்ரோல் காசு. "குறைந்த விலைதானே, வாங்கிப் போடு" என்று சும்மா சொல்லிவிட முடியாது. மறுபக்கம், இந்த விளையாட்டு முழுமையாக வெளிவந்தது 2018 ஆகஸ்டில். அதன் பிறகு 2019 மார்ச்சில் 'ரைஸ் ஆஃப் தி ஜயண்ட்' என்று ஒரு பெரிய சேர்க்கையை இலவசமாகவே கொடுத்தார்கள். முதன்முதலில் காசு கேட்டது பேட் சீட்டுக்குத்தான். இலவச அப்டேட்கள் 2024 ஆகஸ்ட் வரை வந்தன. பிரான்சின் போர்தோவில் மோஷன் ட்வின் என்ற சின்னக் குழு செய்த விளையாட்டு இது. பின்னால் ஈவில் எம்பயர் குழு தொடர்ந்து வளர்த்தது. "இத்தனை வருசம் சும்மா குடுத்தாங்க, கேட்டதைக் குடுத்தா என்ன?" என்பவர்களில் நானும் ஒருவன்.

ஆயுதங்கள் கூடக்கூட ஒரு ஆபத்தும் உண்டு. திறந்த ஆயுதம் எல்லாம் ஒரே குவியலில் சேர்வதால், வேண்டியது கைக்கு வரும் வாய்ப்பு குறையும். 'தி பைண்டிங் ஆஃப் ஐசக்' விளையாட்டுக்கு 2017 ஜனவரியில் வந்த ஆஃப்டர்பர்த் பிளஸ் என்ற சேர்க்கை பற்றிப் பழைய ஆட்டக்காரர்கள் வருத்தப்பட்டது இதைத்தான்: பயனில்லாத பொருட்கள் குவியலை நிறைத்துவிட்டன. 2021இல் வந்த ரிபென்டன்ஸ், பழைய பொருட்கள் பலவற்றையும் சேர்த்துச் சீர் செய்த பிறகுதான் மனம் ஆறியது. டெட் செல்ஸில் கஸ்டம் மோடில் வேண்டாத ஆயுதங்களை அணைத்து வைக்கலாம், அதனால் இங்கே பெரிய தொல்லை இல்லை.

வாங்கியதைத் தேடும் சிக்கல் என்று பார்த்தால், 'வாம்பயர் சர்வைவர்ஸ்' விளையாட்டு வேறு மாதிரி. அதன் முதல் டிஎல்சி 'லெகசி ஆஃப் தி மூன்ஸ்பெல்' 2022 டிசம்பரில் 1.99 டாலருக்கு வந்தது. 8 பாத்திரம், 13 ஆயுதம், ஒரு புது மேடை. மேடையை மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம், அதனால் "எங்கே இருக்கிறது?" என்ற கேள்வியே எழாது.

சரி, உங்களுக்கு என்ன? இப்போது பேட் சீட் மட்டும் வாங்குங்கள். முதல் பாஸை அனேகமாக எல்லா ரன்னிலும் தாண்டுகிறீர்கள் என்ற நிலை வந்ததும், 2021 ஜனவரியில் வந்த 'ஃபேட்டல் ஃபால்ஸ்'. அது நடுப்பகுதிக்கானது, டைம் கீப்பர் என்ற பாஸுக்குப் பதிலாக சோளக்கொல்லை பொம்மை பாஸாக வரும். 2022 ஜனவரியின் 'தி குவீன் அண்ட் தி சீ' கடைசிப் பகுதிக்கு இன்னொரு முடிவைத் தருவது. கடைசி பாஸான ஹேண்ட் ஆஃப் தி கிங்கை ஒரு தடவையாவது வீழ்த்தாமல் அதை வாங்கினால் காசு சும்மா கிடக்கும். கெட்டிக்காரன் "அம்புட்டுத்தானா" என்று கேட்காத ஒரே டிஎல்சி அதுதான். கலங்கரை விளக்கத்தில் மேலே மேலே ஏறிக்கொண்டே சண்டை போடும் இடத்தில் மாடியில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

போனில் விளையாடுகிறவராக இருந்தால் ஒன்று: ஸ்டீமில் வாங்கிய டிஎல்சி ஆண்ட்ராய்டுக்கு வராது. அங்கே தனியாகத்தான் வாங்க வேண்டும். எதில் அதிகம் விளையாடுகிறீர்களோ அதில் மட்டும் வாங்குங்கள்.