கடவுச்சொல்லை எழுத்து மாற்றி நிரலுக்குள் ஒளிக்கலாமா?

கிளிநொச்சிப் பக்கம் நிரலாக்கம் படிக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது: கடவுச்சொல்லை மூல நிரலில் அப்படியே எழுதாமல், எழுத்துகளை மாற்றி எழுதினால் போதாதா?

ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக எப்போதும் அதே இன்னொரு எழுத்தைப் போடுவதுதான் எழுத்துமாற்று மறையீடு. பலருக்கும் தெரிந்தது ரொட்13: ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் 13 இடம் தள்ளுவது. 'ஏ' 'என்' ஆகும், 'பி' 'ஓ' ஆகும்.

பலவீனம் இங்கேதான்: எழுத்தின் முகம் மாறுகிறது, சொல்லின் உருவம் மாறுவதில்லை. 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள இரட்டை 'எஸ்', இரட்டை 'எஃப்' ஆகி அதே இடத்தில் நிற்கும். நீண்ட உரையென்றால், எந்த எழுத்து அதிகம் வருகிறது என்று எண்ணியே பிடித்துவிடலாம். அரபு அறிஞர் அல்-கிந்தி 9ஆம் நூற்றாண்டிலேயே இந்த வழியை எழுதிவைத்தார். எல்லாவற்றையும்விட, எழுத்தைத் திருப்பி மாற்றும் வரியும் அதே நிரலுக்குள்தான் கிடக்கும்.

எங்கள் வளவுப் படலையைக் கயிற்றால் கட்டுவது போலத்தான் இதுவும். மாடு உள்ளே வராது. ஆள் வந்தால் அவிழ்த்துக்கொண்டு வருவார். மாட்டுக்குப் படலை வேண்டும்தான்: விடுகதையின் விடை தற்செயலாகக் கண்ணில் படாமலிருக்க இது நல்ல வழி. விண்டோஸ்கூட, எந்த மென்பொருள் திறக்கப்பட்டது என்ற பதிவொன்றில் பெயர்களை ரொட்13இல் வைக்கிறது. கடவுச்சொல்லை மட்டும் தயவுசெய்து நிரலுக்கு வெளியே வையுங்கள்.

இரண்டு தரம் மாற்றினால் பூட்டு இரட்டிப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். 13உம் 13உம் 26, எனவே ரொட்13ஐ இரண்டு தரம் போட்டால் பழைய கடவுச்சொல்லே வெளியே வந்து நிற்கும்.