வாஷிங்டனுக்குப் போகும் முன்பே நடக்கும் வாதம்

கேள்வி: அமெரிக்க நகரங்கள் தேசிய அமைப்புகளாகத் திரண்டு வாஷிங்டனிடம் கூட்டாகக் கோரிக்கை வைக்கின்றன. நியூயார்க்குக்கும் இரண்டாயிரம் பேர் வாழும் சிற்றூருக்கும் பொதுவாக என்ன கோரிக்கை இருக்க முடியும்? பெரிய நகரங்கள் எழுதிக் கொடுப்பதற்குச் சிறிய ஊர்கள் கைதூக்குகின்றன, அவ்வளவுதானே?

பதில்: இல்லை. 2020 மார்ச்சில் நிறைவேறிய 'கேர்ஸ்' சட்டத்தைப் பாருங்கள். கொரோனா நிவாரணமாக மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 15,000 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆனால் ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிகள்தான் அதில் நேரடியாகப் பணம் பெற முடிந்தது. மற்ற ஊர்கள் மாநில அரசின் தயவுக்குக் காத்து நின்றன. அடுத்த ஓராண்டு உள்ளாட்சி அமைப்புகள் ஒன்றாக நின்று வாதாடின. 2021 மார்ச்சில் வந்த அடுத்த நிவாரணச் சட்டத்தின் 35,000 கோடி டாலரில் கவுண்டிகளுக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளுக்கு) 6,510 கோடியும், பெரும்பாலும் 50,000 பேருக்குக் குறைவாக வாழும் ஊர்களுக்கென்றே 1,953 கோடியும் தனியாக எழுதப்பட்டன. சிற்றூர்களின் பணம் மாநிலங்களின் வழியாகவே போனது. ஆனால் மக்கள்தொகைக் கணக்குப்படி பங்கிட்டாக வேண்டும் என்று சட்டமே மாநிலங்களின் கையைக் கட்டியது.

பெரிய நகரங்கள் இதற்கு ஏன் உடன் நிற்க வேண்டும்? நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் மக்கள்தொகையில் மிகப் பெரிய கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு இடம், மிகச் சிறிய வயோமிங்குக்கும் இரண்டு இடம். பெருநகரமே இல்லாத மாநிலத்தின் செனட்டர் தன் ஊர் மேயரின் பேச்சுக்குத்தான் காது கொடுப்பார். அந்த மேயர் உடன் வராவிட்டால் நியூயார்க்கின் கோரிக்கையும் பாதி வழியில் நின்றுவிடும்.

கோரிக்கை உருவாகும் விதத்தையும் சொல்ல வேண்டும். 1924இல் கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் பத்து மாநில நகராட்சிக் கூட்டமைப்புகள் தொடங்கிய அமைப்புதான் இன்றைய தேசிய நகரங்கள் கூட்டமைப்பு. போக்குவரத்து, சுற்றுச்சூழல், நிதி, பொதுப் பாதுகாப்பு என்று துறைவாரியாக ஏழு கமிட்டிகள். மேயர்களும் கவுன்சிலர்களும் அவற்றில் உட்கார்ந்து வரிவரியாக வாதிடுகிறார்கள். ஆண்டுக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. அங்கே ஒன்பது லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரத்துக்கு 20 வாக்கு, 50,000க்குக் கீழ் உள்ள ஊருக்கு ஒன்று. இதைப் பார்த்ததும் உங்கள் சந்தேகம் வலுக்கும். ஆனால் ஒவ்வொரு மாநிலக் கூட்டமைப்புக்கும் அதே 20 வாக்கு உண்டு. சிறு ஊர்கள் நிறைந்திருப்பது அங்கேதான்.

ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். தீர்மானங்களுக்கு ஆயுள் ஓராண்டு. மீண்டும் வாதாடிப் புதுப்பிக்காவிட்டால் காலாவதி. பழைய கோரிக்கையைத் தூசி தட்டிக் கொண்டுபோக முடியாது.

அமெரிக்க அரசியல் சாசனத்தில் நகரங்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது. நகராட்சி மாநிலத்தின் படைப்பு என்று 1868இலேயே அயோவா நீதிபதி ஜான் டில்லன் தீர்ப்பு எழுதினார். உரிமை கேட்டு நிற்க இடமில்லாதவர்களுக்கு ஒன்றுசேர்ந்த குரல் எவ்வளவு பெரிய பலம் என்பதை யோசியுங்கள்.

உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருப்பது வேறோர் இடத்தில். சிறு ஊர்க் கவுன்சிலர்கள் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டே பதவி வகிப்பவர்கள். விடுப்பு எடுத்து, விமானம் ஏறி, ஆண்டுக்கு எத்தனை கமிட்டிக் கூட்டங்களுக்கு அவர்களால் வர முடியும்? வராத ஊரின் குடிநீர்க் குழாய் வரைவில் எப்படி இடம்பெறும்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் என்னிடம் மறுப்பு இருந்திருக்காது.