கேள்வி பதில்: பொறி நிறைய அந்துப்பூச்சி, காயிலும் ஓட்டை

கேள்வி: ஒரு ஏக்கர் தக்காளியில் காய்ப்புழுவுக்கு இனக்கவர்ச்சிப் பொறி 5 கட்டினேன். தினமும் அந்துப்பூச்சி விழுகிறது, ஆனாலும் காயில் ஓட்டை குறையவில்லை. லூர் போலியா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: விழுகிறதே, பிறகெப்படிப் போலி? விழுவதெல்லாம் ஆண், அதுதான் விஷயம். பெட்டையின் வாசனையைச் செயற்கையாகச் செய்து ரப்பரில் ஏற்றியதே லூர். தப்பிய ஓர் ஆண் பல பெட்டைகளோடு சேரும். மிளகாய், துவரையில் இணைசேர்ந்த பெட்டையும் பறந்து வந்து உங்கள் தக்காளியில் முட்டை வைக்கும். ஏக்கருக்கு 5 பொறி வேவு பார்க்கத்தான்.

காலையில் எண்ணிக் குறித்து வையுங்கள். எண்ணிக்கை திடீரென ஏறினால் நுனி இலையிலும் பூவை ஒட்டிய இலையிலும் முட்டை தேடுங்கள். மூன்று நாலு நாளில் பொரியும். புழு காய்க்குள் தலை நுழைக்குமுன் காய்ப்புழுவுக்கு நோய் தந்து கொல்லும் என்.பி.வி. வைரஸ் கரைசலை ஏக்கருக்கு 100 எல்.இ. (நோயில் செத்த புழுக் கணக்கில் சொல்லும் வைரஸ் அளவு) வீதம் தெளிக்க வேண்டும். சாயங்காலம் மட்டும், வெயில் பட்டால் வைரஸ் செத்துவிடும். பெரிய புழுவிடம் இது அவ்வளவாக எடுபடாது.

கத்தரித் தண்டு, காய்த்துளைப்பான் கதை வேறு. அது பெரும்பாலும் கத்தரியை நம்பியே பிழைக்கிறது. ஆகவே 10 மீட்டருக்கு ஒன்றாக ஏக்கருக்கு 40 பொறி கட்டி ஆண்களை வாரிப் பிடிப்பது பலன் தரும். அடிபட்ட குருத்தையும் கிள்ளி அழிக்க வேண்டும்.

பொறியைச் செடி உச்சிக்கு ஓரடி மேலே கட்டுங்கள், செடி வளர வளர உயர்த்துங்கள். அடிப்பை கிழிந்திருந்தால் பூச்சி தப்பிவிடும். மூன்று நாலு வாரத்துக்கொருமுறை லூர் மாற்றுங்கள். பழையதை வயலில் வீசினால் அதன் மிச்ச வாசனையே ஆணைத் திசைதிருப்பும். ஒரு பொறிக்கு ஒரு லூர்தான். ஒரு பூச்சியின் லூரைத் தொட்ட கையால் வேறு பூச்சியின் லூரைத் தொடாதீர்கள்.

இந்த வித்தையின் பிள்ளையார் சுழி பட்டுப்பூச்சிதான்: சுமார் 5 லட்சம் பட்டுப்பூச்சிகளிலிருந்து முதல் இனக்கவர்ச்சிப் பொருளைப் பிரித்து 1959இல் அறிவித்தவர் ஜெர்மனியின் பூட்டெனாண்ட். பட்டுக்கூடு விற்கும் தர்மபுரிக்காரர்களுக்கு இது அந்நியச் சரக்கல்ல.

கேள்வி: மாந்தோப்புக்கு வாங்கிய பழ ஈ லூர் மீந்திருக்கிறது. தக்காளிக்கு வைக்கலாமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: வேண்டாம். அதிலுள்ள மீத்தைல் யூஜினாலுக்கு மாம்பழ ஈயின் ஆண்தான் வரும், அந்துப்பூச்சி எட்டியும் பார்க்காது. காய்ப்புழு, புரோடீனியா (புகையிலைப் புழு), ஊசிப்புழு என ஒவ்வொன்றுக்கும் லூர் தனி. வாங்கும்போது உறையில் பூச்சியின் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். மீந்ததைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜில் வைத்தால் அடுத்த மா பருவத்துக்குக் காலாவதி ஆகாதிருந்தால் உதவும்.