அமெரிக்காவில் எதிர்த்திசையில் பள்ளிப் பேருந்து நின்றால் நாமும் காரை நிறுத்த வேண்டுமா?

ஆமாம், நிறுத்தித்தான் ஆக வேண்டும். நீங்கள் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருப்பீர்கள், எங்கேயோ நிறுத்தியதற்குப் பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்திருப்பார், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. நியூஜெர்சியில் கார் ஓட்டுகிறவள், அந்த மாநிலக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

பஸ்ஸில் மஞ்சள் விளக்கு மின்னினால் நிற்கப் போகிறது என்று அர்த்தம். சிவப்பு மின்ன ஆரம்பித்துவிட்டால், பின்னால் வந்தாலும் சரி, எதிரே வந்தாலும் சரி, குறைந்தது 25 அடி தள்ளி நிற்க வேண்டும். சாலை நடுவில் திட்டோ தடுப்போ இருந்தால் மட்டும் எதிர்ப்பக்கத்துக்காரர் 10 மைல் வேகத்தில் ஊர்ந்து போகலாம். வெறும் மஞ்சள் கோடு தடுப்பில் சேராது. ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் போனால் இந்தச் சலுகையும் கிடையாது. நியூஜெர்சியில் முதல் தடவை மாட்டினாலே லைசென்ஸில் தண்டனைப் புள்ளியாக 5 பாயிண்ட், குறைந்தது 100 டாலர் அபராதம், அதற்கு மேல் 15 நாள் சமூக சேவை அல்லது சிறை வரை போகும்.

இதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. நான் எழுத வந்த காரணம் வேறு. மெட்ரோபார்க் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் எதிரே பஸ் நின்றது, நானும் நின்றேன். என் பக்கத்து நடைபாதையில் மங்கி குல்லா போட்ட தாத்தா ஒருவர் பேத்தியோடு நின்றிருந்தார். டிரைவரம்மா கை காட்டியதும் குழந்தை சாலையில் கால் வைத்தது. என் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்த கார், வலது ஓரமாக ஒதுங்கி என்னைத் தாண்டிப் போனது. தாத்தா பையைப் பிடித்து இழுத்த இழுப்பில் பட்டை அறுந்து, டிபன் பாக்ஸ் சாலையில் உருண்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

என் காரின் முன்பக்கக் கேமராவான டாஷ்கேமில் அந்தக் கார் நம்பர் தெளிவாக விழுந்திருந்தது, போலீசில் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆள் நம் தமிழ்க்காரர். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒருவர், "நம்ம ஆளையே மாட்டிவிட்டுட்டீங்களே அக்கா, ஹெச்1பி வேலை விசால இருக்கார், பாஸ்போர்ட்ல விசா ஸ்டாம்பிங் பண்ணும்போது பிரச்சினை வந்தா?" என்றார். யாருக்கும் அடிபடவில்லையே, ஊரில் எல்லாரும் இப்படித்தானே ஓட்டினோம் என்று இன்னொருவர். இங்கேயும் கமெண்டில் யாராவது அதையே கேட்பீர்கள். முன்பே ஆளைத் தெரிந்திருந்தாலும் கொடுத்திருப்பேன். விசாவைப் பற்றிக் கவலை இருந்திருந்தால் அவர்தான் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். அந்தத் தாத்தாவைப் பற்றி அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேச்சு பஸ்ஸைப் பற்றி வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பு வரை, பள்ளி 2 மைலுக்கு மேல் இருந்தால்தான் இலவச பஸ் தர வேண்டும் என்பது இங்கே விதி. எங்கள் வீடு அதற்குச் சற்றே குறைவு. வழியில் பாதி தூரம் நடைபாதையே கிடையாது, பனிக்காலத்தில் சொல்லவே வேண்டாம். வருஷா வருஷம் காசு கட்டித்தான் என் மகளை பஸ்ஸில் அனுப்புகிறேன். தூரத்தை எந்த வாசலிலிருந்து அளந்தீர்கள் என்று கேட்டால், பணம் கட்டும் படிவத்தை நீட்டுகிறார்கள்.