முதலில் போய்க் கேளுங்கள்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் மாணவர் மன்றத்தில் 30 பேர் இருக்கிறோம். ஆண்டுதோறும் மரம் நடுவது, தெருவைக் கூட்டுவது, போட்டோ எடுத்துக்கொள்வது என்றே போகிறது. இந்த ஆண்டாவது நாலு பேருக்கு உருப்படியாக உதவ வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பார்வையற்றோருக்கான பள்ளி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடக்கும் ஊரில் இருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம். பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள் பள்ளி முடித்துக் கல்லூரிக்கு வந்தபின் ஒவ்வொரு தேர்வுக்கும் தேடி அலைவது, தாங்கள் சொல்வதை எழுத ஓர் ஆளைத்தான். வருகிறேன் என்றவர் காலையில் போனை எடுக்காவிட்டால் அந்தத் தேர்வே கேள்விக்குறி, ஆறு மாதப் படிப்பு ஒரே நாளில் வீணாகிவிடும். உங்கள் மன்றம் இதை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

ஆனால் உடனே பேனர் அடித்துத் தொடக்க விழா வைத்துவிடாதீர்கள். உங்கள் கல்லூரியிலும் பக்கத்துக் கல்லூரிகளிலும் அப்படிப் படிக்கும் மாணவர்களை நேரில் பார்த்து, எந்தப் பாடத்துக்கு ஆள் கிடைப்பதில்லை, போன தடவை என்ன சிக்கல் வந்தது என்று கேளுங்கள். எழுதுபவருக்கு இன்ன படிப்புதான் இருக்க வேண்டும், அதே பாடம் படித்தவராக இருக்கக் கூடாது என்றெல்லாம் விதிகள் உண்டு, அவை தேர்வுக்குத் தேர்வு மாறும். அதனால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரித்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடமாவது கூடுதல் நேரம் தர வேண்டும், அதாவது 3 மணி நேரத் தேர்வு 4 மணி நேரம் நடக்கும். எழுதப் போகிறவர் அதற்கும் தயாராகப் போக வேண்டும்.

பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: அவர்களுக்கு செமஸ்டர் வரும்போது உங்களுக்கும் செமஸ்டர்தான். எனவே கால அட்டவணை வந்த அன்றே உட்கார்ந்து, எந்தத் தேதியில் யாருக்குத் தேர்வு இல்லை என்று பட்டியல் போட்டு, ஒவ்வொரு தேர்வுக்கும் ஒருவரும் மாற்றாக இன்னொருவரும் என்று எழுதி வையுங்கள். மாற்று ஆள் இல்லாமல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவே கூடாது, இதில் நான் பிடிவாதமாகவே இருப்பேன்.

தேர்வு அறைக்குப் போகத் தயங்குபவர்களுக்கும் வேலை இருக்கிறது. என்விடிஏ என்ற இலவச மென்பொருள் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும், தமிழையும் வாசிக்கும், ஆனால் எழுத்து யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளும் போன்களும் புரிந்துகொள்ளும் பொது எழுத்து முறையில் இருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த நோட்ஸ் அதற்கு வெறும் குழப்பம், ஜெராக்ஸை ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். அவற்றை யூனிகோடில் தட்டச்சு செய்து, பிழை திருத்திக் கொடுங்கள். பதிப்புரிமைக்குப் பயப்பட வேண்டாம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக லாப நோக்கமில்லாமல் இப்படி மாற்றிக் கொடுக்க 2012இல் திருத்தப்பட்ட சட்டமே இடம் கொடுக்கிறது.

என்.எஸ்.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும், இந்த வேலையை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா என்று திட்ட அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். முதலாண்டு மாணவர்களையும் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் படிப்பை முடித்துப் போனதும் எல்லாம் நின்றுவிடும். அப்புறம், உதவி பெறுபவரைப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பது வேண்டாம்.

கேள்வி: அடுத்த வாரம் பார்வையற்ற ஒரு அண்ணனுக்காக, அவர் சொல்லச் சொல்லத் தேர்வு எழுதப் போகிறேன். அவர் சொல்லும் விடை தவறு என்று எனக்குத் தெரிந்தால் திருத்தலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: கூடாது. தேர்வு அவருடையது, அவர் சொன்னதை அப்படியே எழுதுங்கள், மாற்றினால் அது முறைகேடு. அவர் கேட்கும்போதெல்லாம் கேள்வியைச் சலிக்காமல் திரும்ப வாசியுங்கள், எழுதியதையும் வாசித்துக் காட்டுங்கள். முடிந்தால் முந்தின நாளே சந்தித்து, அவர் சொல்லும் வேகத்துக்கு ஒரு பழைய வினாத்தாளை எழுதிப் பாருங்கள். பெயர்ச்சொற்களுக்கு எழுத்துக்கூட்டலை அவர் எப்படிச் சொல்வார் என்பதும் அப்போதே பிடிபட்டுவிடும்.